அளவுக்குள் ஒளித்து வைத்த நிறங்கள்

தங்கம் என்ன நிறம் என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் மஞ்சள் என்றுதான் சொல்லும். பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். அதே தங்கத்தை, வேறெதுவும் கலக்காமல், நுணுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மஞ்சள் மறைந்து மாதுளைச் சிவப்பு எழுகிறது. அந்தச் சிவப்புத் துகள்களை ஒன்றோடொன்று நெருங்கவிட்டால் ஊதா, அப்புறம் நீலம். நுணுக்காமல் ரேக்காக அடித்து, ஊடே வெயில் இறங்கும் அளவுக்கு மெல்லியதாக்கிப் பிடித்தால் வெளிச்சம் பச்சையாக வருகிறது. சாயம் ஏற்றவில்லை, மருந்து சேர்க்கவில்லை. அணு அதே அணு. மாறியவை அளவும் அமைப்பும் மட்டுமே.

ஒரு பொருளின் குணங்களைச் சொல்லுங்கள் என்றால் நிறம், மணம், சுவை, எடை, கடினம் என்று அடுக்குவோம். அளவை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. பாறையை உடைத்தால் சின்னப் பாறை; குடத்துப் பாலை உழக்கில் ஊற்றினாலும் பால். சிறிதாவதால் எதுவும் தன் இயல்பை விடுவதில்லை என்பதே நம் அனுபவம். அந்த அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே போனால், படைத்தவன் அளவையும் ஒரு குணமாகவே வைத்திருக்கிறான் என்பது தெரியவரும். பெரிதாக இருக்கும்போது வெளியே காட்டாத அழகுகளை, சிறிதானால் மட்டும் திறக்கும்படி பொருளுக்குள் பூட்டி வைத்திருக்கிறான்.

அந்த உலகத்தை அளக்கும் அலகு நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நம் கைவிரல் நகம் ஒரு வினாடியில் ஏறத்தாழ அவ்வளவுதான் வளர்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஊதாவில் சுமார் 400 நானோமீட்டர், சிவப்பில் சுமார் 700. ஓர் அணுவின் குறுக்களவோ ஒரு நானோமீட்டரில் பாதிகூட வராது. அணுவைவிடப் பெரியது, ஒளியலையைவிடச் சிறியது என்ற இந்த இடைப்பட்ட நாட்டில் ஒளியும் பொருளும் சந்திக்கும் விதமே வேறு.

ஒரே கிண்ணம், இரு நிறம்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர் செய்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 16 செ.மீ. திரேஸ் நாட்டு அரசன் லைகர்கஸ் திராட்சைக் கொடியில் சிக்கித் திணறும் காட்சி அதன் புறத்தே செதுக்கப்பட்டிருக்கிறது. மதுவின் தெய்வமான டயோனிசஸைப் பகைத்ததற்கு அவனுக்குக் கிடைத்த தண்டனை அது என்பது கிரேக்கர்களின் கதை. கிண்ணத்தின் புகழுக்குக் காரணம் அந்தக் கதை அல்ல. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் கிண்ணம் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் செக்கச் சிவப்பு.

அருங்காட்சியகம் இதை 1958இல் வாங்கியது. அதன் சிறு சில்லு ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. கண்ணாடிக்குள் வெள்ளியும் தங்கமும் கலந்த மணிகள், 50 முதல் 100 நானோமீட்டர் அளவில், பரவிக் கிடந்தன. எடையில் பார்த்தால் பத்து லட்சம் பங்கு கண்ணாடிக்குத் தங்கம் 40 பங்கு, வெள்ளி 300 பங்குக்குச் சற்று மேல். அந்தச் சொற்ப உலோகம் பச்சை ஒளியைச் சிதறித் திருப்பி அனுப்புகிறது. ஊடுருவிப் போகிற ஒளியில் சிவப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. கிண்ணம் செய்தவனுக்கு நானோமீட்டரும் தெரியாது, எலக்ட்ரானும் தெரியாது. இருந்தாலும் அவன் உலையில் அந்த விதி ஒரு மாற்றும் குறையாமல் வேலை செய்தது. விதியை அறிந்தவனுக்கு மட்டும்தான் அது கைகொடுக்கும் என்று படைப்பில் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிற்காலத்து ஐரோப்பியர்கள் இதே சிவப்பை வேறு வழியில் எட்டினார்கள். தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைத்து, வெள்ளீய உப்புடன் சேர்த்து எடுத்த செவ்வூதாப் பொடியைப் பதினேழாம் நூற்றாண்டில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்டப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் யோகான் குங்கெல் அதைக் கொண்டு செய்த மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி அரண்மனைகளை அலங்கரித்தது. செய்முறை கைக்கு வந்துவிட்டது. ஏன் சிவக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

ஃபாரடேயின் குப்பிகள்

அந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற பிறகு, அறுபது வயதைத் தாண்டிய காலத்தில், அவர் தங்கத்தின் பக்கம் திரும்பினார். ஃபாரடே ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்; சாண்டிமேனியன் என்ற சிறிய கிறிஸ்தவ சபையில் மூப்பராக இருந்தவர். இயற்கையின் விதிகள் ஒருவனே எழுதியவை, ஆகவே அவற்றுக்குள் ஒருமை இருந்தே தீரும் என்பது அவர் ஆராய்ச்சிக்கு அடியில் ஓடிய நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கையைச் சோதனைக்குப் பதிலாக அவர் ஒருநாளும் வைத்ததில்லை.

தங்க ரேக்கை இன்னும் மெல்லியதாகக் கரைத்தார். மின்சாரம் பாய்ச்சித் தங்கக் கம்பியை வெடிக்கச் செய்து கண்ணாடியில் படியவைத்தார். தங்கக் குளோரைடு கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து, பார்ப்பதற்குத் தெளிந்த ரத்தினச் சிவப்பாக இருக்கும் நீர்மத்தை எடுத்தார். கரைந்துபோனதைப் போலத் தோன்றிய அந்த நீர்மத்தின் ஊடே குவித்த ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அதன் பாதை பளிச்செனத் தெரிந்தது. அப்படியானால் உள்ளே ஏதோ துகள்கள் மிதக்கின்றன. கொஞ்சம் உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாக மாறியது. எந்த நுண்ணோக்கியிலும் அவர் அந்தத் துகளைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய நுண்ணோக்கி அன்றைக்கு இல்லை. ஆனாலும், இது உலோகத் தங்கமேதான், மிக நுண்ணியதாகப் பிரிந்த தங்கம், அந்த நுண்மையே நிறத்துக்குக் காரணம் என்று 1857 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியில் நிகழ்த்திய பேக்கரியன் சொற்பொழிவில் அறிவித்தார். அவர் தயாரித்த சிவப்புத் திரவக் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன.

துகள்களைக் காணும் வழி 1903இல் பிறந்தது. ரிச்சர்ட் சிக்மொண்டியும் ஹென்ரி சீடெண்டாஃப்பும் உருவாக்கிய அல்ட்ரா மைக்ராஸ்கோப்பில், இருண்ட பின்னணியில் ஒவ்வொரு தங்கத் துகளும் தனித்தனி ஒளிப்புள்ளியாகத் துள்ளியது. சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1908இல் கிரைஃப்ஸ்வால்டில் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர், மின்காந்தத்துக்கான மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, ஓர் உலோக உருண்டை மீது ஒளி விழுந்தால் என்ன நடக்கும் என்று தாளில் கணக்குப் போட்டார். விடை சிவப்பு என்று வந்தது.

தளும்பும் எலக்ட்ரான்கள்

அந்த விடைக்குள் இருக்கும் காட்சியைப் பார்ப்போம். 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தங்க மணியில் சுமார் இரண்டரை லட்சம் அணுக்கள். ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் மணி முழுதும் உலவுகின்றன. ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் நீளத்தோடு ஒப்பிட்டால் மணி மிகச் சிறியது. ஆகவே ஒரு கணத்தில் மணியின் எல்லா இடத்திலும் ஒளியின் மின்விசை ஒரே திசையில் தள்ளுகிறது. அத்தனை எலக்ட்ரான்களும் சேர்ந்து ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. மறுபக்கத்தில் நேர்மின் கூடிவிடுகிறது. அது எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கிறது. வேகத்தில் அவை எதிர்ப்பக்கம் போய் ஒதுங்க, மறுபடியும் இழுப்பு.

இடுப்பில் நீர்க்குடம் வைத்து நடப்பவர்களுக்கு ஒன்று தெரியும். குடத்து நீருக்கென்று ஒரு தளும்பல் கதி உண்டு. நடையின் தாளம் அதற்கு ஒத்துப்போய்விட்டால் சின்ன அசைவும் சேர்ந்து சேர்ந்து நீர் விளிம்பைத் தாண்டிவிடும். தாளத்தை மாற்றினால் நீர் அடங்கிவிடும். தங்க மணிக்குள் உள்ள எலக்ட்ரான்களுக்கும் அப்படி ஒரு சொந்தக் கதி இருக்கிறது: வினாடிக்கு ஏறத்தாழ 580 லட்சம் கோடி முறை. 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் தாளம் அதுதான். வெள்ளொளியில் பச்சை வரும்போது எலக்ட்ரான்கள் விளிம்பு வரை தளும்பி அதை வாங்கிக்கொள்கின்றன; நீலமும் ஓரளவு உள்ளே இழுபடுகிறது; சிவப்பு தடையின்றிப் போய்விடுகிறது. இந்தக் கூட்டுத் தளும்பலுக்கு பிளாஸ்மான் என்று பெயர். வெள்ளி மணியின் கதி இன்னும் விரைவு. அது ஊதாப் பக்கத்து ஒளியைப் பிடிப்பதால் வெள்ளித் துகள் மிதக்கும் நீர் மஞ்சளாகத் தெரியும். இரு தங்க மணிகள் நெருங்கினால் ஒன்றின் தளும்பல் மற்றொன்றைத் தொட்டுக் கதி குறைகிறது. அப்போது பிடிபடுவது சிவப்பு, மிஞ்சுவது நீலம். ஃபாரடேயின் குப்பியில் உப்பு செய்தது இதைத்தான்: துகள்களை விலக்கி வைத்திருந்த மின்விலக்கத்தைத் தளர்த்தி அவற்றைச் சேரவிட்டது.

இதில் இன்னொரு விந்தை இருக்கிறது. தன் கதியோடு ஒத்த ஒளி வரும்போது ஓர் உலோக மணி, தன் உடலின் பரப்பில் விழும் ஒளியை மட்டும் பிடிப்பதில்லை; பக்கத்தே விலகிப் போகும் ஒளியையும் வளைத்துத் தன்னிடம் இழுக்கிறது. தன் நிழலைவிடப் பல மடங்கு பெரிய பரப்பிலிருந்து அது ஒளியை அள்ளுகிறது. தன்மேல் விழுவதைவிட அதிகமான ஒளியை ஒரு துகள் எப்படி விழுங்க முடியும் என்று கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைத்து கிரெய்க் போரன் என்ற இயற்பியலாளர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறியது தன் அளவுக்குத்தான் பெற முடியும் என்ற நம் கணக்கு இங்கே பொய்த்துப் போகிறது.

சிவப்புக் கோடும் ராமன் ஒளியும்

இந்த அதிசயம் அருங்காட்சியகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த ரேபிட் டெஸ்ட் அட்டையில், பெரும்பாலும் தெரிகிற அந்தச் செந்நிறக் கோடு தங்கம். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்க மணிகளின் மேல், தேடும் பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களைப் பூசியிருப்பார்கள். பொருள் இருந்தால் மணிகள் கோட்டில் வந்து தங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பாகும். ரோமானியக் கிண்ணத்துக்கு நிறம் கொடுத்த அதே தளும்பல் ஒரு தாய்க்கு முதல் சேதி சொல்கிறது.

திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் உறுதிசெய்த விளைவும் இந்த உலோக மணிகளால் மறுபிறவி எடுத்தது. மூலக்கூறு ஒன்றின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஒரு நிற மாற்றத்தைப் பதிக்கிறது. ஆனால் கோடிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் வரும் அந்த ஒளியைப் பிடிக்கப் பொருள் நிறைய வேண்டும். ராமன் 1970இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃப்ளீஷ்மான், ஹென்ட்ரா, மெக்குவில்லன் ஆகிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளிப் பரப்பில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகள் எதிர்பாராத வலிமையுடன் ராமன் ஒளி தருவதைக் கண்டார்கள். வெள்ளியின் நுண்ணிய மேடுகளில் தளும்பும் எலக்ட்ரான்கள் ஒளியின் விசையைச் சில நானோமீட்டர் இடுக்கில் குவித்துவிடுகின்றன. அந்த இடுக்கில் அகப்பட்ட மூலக்கூறின் குரல் பல லட்சம் மடங்கு ஓங்குகிறது. 1997இல் ஒற்றை மூலக்கூறின் ராமன் ஒளியையே இரு குழுக்கள் தனித்தனியே பிடித்துக் காட்டின.

உலோகத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது வாங்குவதில் மன்னன், வைத்துக்கொள்வதில் ஏழை. பிளாஸ்மான் தளும்பல் சுமார் பத்து ஃபெம்டோ வினாடிகளில் அடங்கிவிடுகிறது. ஒரு வினாடியை நூறு லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பங்கு அது. வாங்கிய ஒளியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். அந்தக் குறையையும் வீணாகப் படைக்கவில்லை போலும். 2003இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர், தங்கத் தோல் போர்த்திய நுண்மணிகளை எலியின் புற்றுக்கட்டியில் செலுத்தி, சதையை எளிதில் ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். மணிகள் சுட்டன, கட்டித் திசு அழிந்தது.

மூன்று அணு உயரம்

இப்போது உலோகத்தை விட்டு, மறுபக்கத்தில் உள்ள குறைகடத்திக்கு வருவோம். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடு என்ற கருஞ்சாம்பல் நிறக் கனிமம் உண்டு. தொட்டால் விரலில் வழுக்கும், கரி போல ஒட்டும். எந்திரங்களுக்கு இடும் கிரீஸில் சேர்க்கிறார்கள். தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பகுதியிலும் இந்தத் தாது இருப்பதை இந்தியப் புவியியல் துறையினர் கண்டிருக்கிறார்கள். மாலிப்டினமும் கந்தகமும் உயிருக்கும் அந்நியமில்லை: உளுந்து, நிலக்கடலை வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் நொதியின் மையத்தில், இரும்போடு சேர்ந்து இவ்விரண்டும் உட்கார்ந்திருக்கின்றன.

வழுக்குவதற்குக் காரணம் அந்தக் கனிமத்தின் கட்டமைப்பு. கந்தகம் ஓர் அடுக்கு, நடுவே மாலிப்டினம், மேலே மறுபடி கந்தகம். இந்த மூன்று அணு உயரமும் சேர்ந்து ஒரு தாள். தாளுக்குள் பிணைப்பு வலிது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிமானம் மெலிது. ஒரு தாளின் கனம் 0.65 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனிமத்தில் சுமார் 15 லட்சம் தாள்கள் அடுக்கியிருக்கின்றன.

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும், பென்சில் கிராஃபைட்டின் மேல் ஒட்டு டேப்பை ஒட்டி உரித்து உரித்து ஓர் அணு கனமுள்ள கார்பன் தாளைத் தனியே எடுத்தார்கள். அந்தக் கிராஃபீனுக்கு 2010இல் நோபல் பரிசு வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பெர்க்லியிலும் இரு குழுக்கள் மாலிப்டினம் டைசல்பைடை அதே வழியில் உரித்துப் பார்த்தன. கனமாக இருக்கும்போது அந்தக் கனிமம் ஒளி விடுவதில்லை என்றே சொல்லலாம். இரண்டு தாளாக இருக்கும்போதும் மங்கல்தான். கடைசித் தாள் ஒன்று மட்டும் மிஞ்சியதும், மேலே ஒளி பட்டவுடன், அது தானே செவ்வொளி விட்டது. கொலம்பியா குழுவின் அளவீட்டில் கனமான கனிமத்தோடு ஒப்பிட ஒளி விடும் திறன் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

காரணம் இது. குறைகடத்தியில் ஒளியை வாங்கி மேலே எழுந்த எலக்ட்ரான், திரும்பத் தன் இடத்தில் விழும்போது ஒளி விடவேண்டும். ஆற்றல் பொருந்தினால் போதாது; உந்தமும் பொருந்தவேண்டும். கனமான கனிமத்தில் எலக்ட்ரான் காத்திருக்கும் நிலைக்கும் விழவேண்டிய நிலைக்கும் உந்தம் வேறு. அதைச் சரிக்கட்ட அணுக்களின் அதிர்வு ஒன்று குறுக்கே வந்து உதவினால்தான் விழ முடியும். அதற்குள் ஆற்றல் வேறு வழியில் வெப்பமாகிக் கரைந்துவிடும். அக்கம்பக்கத்துத் தாள்களின் தொடர்பு அறுந்து ஒற்றைத் தாளானதும் ஆற்றல் நிலைகள் இடம் பெயர்கின்றன. இரண்டு நிலைகளும் ஒரே உந்தத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. நேர்வழி திறந்துவிடுகிறது. மாலிப்டினம் மாறவில்லை, கந்தகம் மாறவில்லை. லட்சம் தாளாக இருந்தபோது ஒளிர முடியாதது ஒன்றானதும் ஒளிர்கிறது.

சுற்றிலும் வெறுமை, உள்ளே உறவு

எழுந்த எலக்ட்ரான் தான் விட்டு வந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை வைத்துவிட்டு வருகிறது. அந்த வெற்றிடம் நேர்மின் போல நடந்துகொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றிவரும் இணைக்கு எக்சிட்டான் என்று பெயர். லெனின்கிராடில் யாக்கவ் ஃபிரென்கெல் 1931இல் முன்வைத்த கருத்து இது. சாதாரணக் குறைகடத்திகளில் இந்த இணை மிக நலிந்தது. அறை வெப்பத்தின் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கனில் இந்தப் பிணைப்போ சுமார் 15. அதனால் நம் வீட்டுச் சூட்டிலேயே அது பிரிந்துவிடும். ஒற்றைத் தாளில் பிணைப்பு சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தை அது பொருட்படுத்துவதில்லை.

பத்து மடங்குக்கு மேல் இந்த வலிமை எங்கிருந்து வந்தது? கனமான பொருளில் எலக்ட்ரானுக்கும் அதன் இணைக்கும் நடுவே ஏராளமான அணுக்கள் நின்று அவற்றின் ஈர்ப்பை மழுக்குகின்றன. மெல்லிய தாளில் அவற்றை இணைக்கும் மின்விசைக் கோடுகள் பெரும்பாலும் தாளை விட்டு மேலும் கீழும் உள்ள வெறுமைக்குள் போய் வருகின்றன. அங்கே மழுக்க யாரும் இல்லை. சூழ்ந்திருக்கும் வெறுமையே பிணைப்பை வலுவாக்குகிறது.

இந்தத் தாள் ஒளியின் சுழற்சியைக்கூட அடையாளம் காணும். வலமாகச் சுழலும் ஒளி எலக்ட்ரான்களை ஓர் ஆற்றல் பள்ளத்தில் எழுப்பும்; இடமாகச் சுழலும் ஒளி எதிர்ப் பள்ளத்தில் எழுப்பும். 2012இல் பல ஆய்வகங்கள் இதைச் சோதனையில் காட்டின. வலம் இடம் பிரித்தறியும் இந்த நுட்பத்தை யாரும் தாளில் பொறிக்கவில்லை. மூன்று அணு உயரத்தில் அறுகோணமாக அணுக்கள் நின்ற ஒழுங்கிலிருந்து அது தானே வந்தது.

ஒன்றின் குறையை மற்றொன்று

ஒற்றைத் தாளின் குறை அதன் மெலிவுதான். தனக்கு உகந்த நிறத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் ஒளியை அது வாங்குகிறது. முக்கால் நானோமீட்டர்கூட இல்லாத ஒன்றுக்கு இது பெரிய காரியம். என்றாலும் மீதி ஒளி தாண்டிப் போய்விடுகிறது. உலோக மணியோ சுற்றுப்புற ஒளியையெல்லாம் இழுத்துத் தன் விளிம்பில் குவிக்கும். ஆனால் வைத்திருக்கத் தெரியாது. குறைகடத்தித் தாள் வாங்கிய ஆற்றலை எக்சிட்டானாக, பிளாஸ்மானைவிட வெகுநேரம் காக்கும். ஆனால் அள்ளத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் என்ன என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள்.

ஒரு தங்கப் படலம், அதன் மேல் மாலிப்டினம் டைசல்பைடு தாள், அதன் மேல் ஒரு வெள்ளிக் கனசதுரம்; நடுவே சில நானோமீட்டர் இடைவெளி. உலோகம் குவித்த ஒளி அந்த இடைவெளியில் தாளுக்குள் இறங்குகிறது. தாள் விடும் ஒளி ஆயிரம் மடங்கையும் தாண்டிப் பெருகியதை 2015இல் சோதனைகள் காட்டின. ஓர் ஒளிமூலம் எவ்வளவு விரைவாக ஒளி விடும் என்பது அதன் சொந்தக் குணம் மட்டுமல்ல, சுற்றுப்புறமும் அதை முடிவு செய்கிறது என்று எட்வர்ட் பர்செல் 1946லேயே சொன்னது இங்கே மெய்யாகிறது. இடைவெளியும் முக்கியம். உலோகமும் தாளும் நேரடியாகத் தொட்டால் தாளின் ஆற்றல் உலோகத்துக்குள் வடிந்து ஒளி அணைந்துவிடும். மிக விலகினாலும் உறவு அறுந்துவிடும். சில நானோமீட்டர் என்ற அந்த அளவில்தான் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இணக்கம் இன்னும் நெருங்கினால் இன்னொரு நிலை வருகிறது. எக்சிட்டானின் கதியும் பிளாஸ்மானின் கதியும் சரியாக ஒத்துப்போய், ஆற்றல் கரைந்துபோவதற்கு முன்பே உலோகத்துக்கும் தாளுக்கும் இடையே போய்ப் போய் வரத் தொடங்கினால், அது எக்சிட்டானும் இல்லை, பிளாஸ்மானும் இல்லை. ஒரே நிறம் இருந்த இடத்தில் இரண்டு புதிய நிறங்கள் பிரிந்து நிற்கின்றன. ஒளிப்பங்கும் பொருட்பங்கும் பிரிக்கவொண்ணாமல் கலந்த புதிய நிலை அது. கடுங்குளிரும் பெரிய காந்தமும் இல்லாமல், சாதாரண அறையிலேயே இதைக் காண முடிகிறது. எக்சிட்டானின் பிணைப்பு வலிது என்பதாலும், உலோகம் ஒளியை அவ்வளவு சிறு இடத்தில் நெருக்குவதாலும் கிடைத்த வரம் இது. மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் கணக்குப் போடும் கருவிகளுக்கும், மிகச் சிறிய விளக்குகளுக்கும், நோய்க் குறிகளை உணரும் கருவிகளுக்கும் இது வழி திறக்கும் என்று ஆய்வகங்கள் உழைக்கின்றன.

எண் ஒன்று, எழுத்து பல

இதுவரை பார்த்த தங்கமும் தாள்களும் வெவ்வேறு கதைகள் போலத் தெரியலாம். அவற்றுக்கு அடியில் ஒரே எண் இருக்கிறது. ஒளிக்கும் மின்னேற்றத்துக்கும் இடையிலான உறவு எவ்வளவு வலிது என்பதைச் சொல்லும் எண் அது. நுண்ணமைப்பு மாறிலி என்பார்கள். 1916இல் ஆர்னல்ட் சோமர்ஃபெல்ட் அறிமுகப்படுத்தினார். அதன் மதிப்பு ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு. மீட்டர், கிலோ என்ற நம் அலகு எதுவும் ஒட்டாத வெறும் எண்.

கிராஃபீன் தாள் வெள்ளொளியில் எவ்வளவு வாங்குகிறது என்று 2008இல் மான்செஸ்டரில் அளந்தார்கள். 2.3 விழுக்காடு. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான 3.14ஐ 137ஆல் வகுத்தால் வருவதும் அதுதான். ஓர் அணு கனத் தாளின் நிழலில், வெறுங்கண்ணால் காணும்படி அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது.

தங்கத்தின் மஞ்சளிலும் அதே எண். தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு வலிய கருவை ஒட்டிச் சுற்றும் எலக்ட்ரானின் வேகம், ஒளியின் வேகத்தில் 137இல் 79 பங்கு. அதாவது சுமார் 58 விழுக்காடு. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி தன்னைக் காட்டுகிறது. உட்கூட்டு எலக்ட்ரானின் பாதை சுருங்க, அதன் விளைவு வெளிக்கூடு வரை எட்டி ஆற்றல் நிலைகளை நகர்த்துகிறது. அதனால் தங்கம் நீல ஒளியை விழுங்கி மஞ்சளைத் திருப்பித் தருகிறது. சார்பியல் இல்லையென்றால் தங்கமும் வெள்ளியைப் போலவே வெளுத்திருக்கும். தாலியில் மின்னும் மஞ்சள், ஒளியின் வேகத்தைத் துரத்தும் எலக்ட்ரான்களின் நிறம். அந்தத் தங்கத்தைப் படைத்த உலையும் சாதாரணமல்ல. சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமியை எட்டியது. தொடர்ந்து வந்த ஒளியில், தங்கம் போன்ற கனத்த தனிமங்கள் அத்தகைய மோதலில் பிறக்கும் தடயம் கிடைத்தது.

137 ஏன் 137 என்று எந்தக் கோட்பாடும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. அது அளந்து அறிந்த எண்; வருவித்து அறிந்த எண் அல்ல. பக்தி உள்ளவர் இங்கே கைகூப்பலாம். ஆனால் அந்த எண்ணை நமக்குக் காட்டியது கைகூப்புதல் மட்டுமல்ல என்பதையும் மறக்கலாகாது. ஃபாரடே தன் இறைவனை நம்பினார். நம்பியதால்தான் நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சில்லுகளில் தங்கத்தைப் படியவைத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது என்னவாக இருக்கும் என்று ஊகித்துத் திருப்தி அடைந்துவிடவில்லை. எழுதியவனிடம் மதிப்பு உள்ளவன் எழுத்தை அவசரமாகப் புரட்டிப் போகமாட்டான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பான்.

படைப்பில் பெரியது எது, சிறியது எது என்று தரம் பிரிக்கிற நம் பழக்கத்தை இந்த உலகம் ஒதுக்கிவிடுகிறது. இருபது நானோமீட்டர் மணிக்குள் ஒரு நிறம், முக்கால் நானோமீட்டர்கூட இல்லாத தாளுக்குள் ஒரு வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் இன்னொரு வெளிச்சம் என்று அளவுக்கு அளவு தனிச் சிறப்பு வைக்கப்பட்டிருக்கிறது. சிறியது, பெரியதன் துண்டு அல்ல. அதற்கென்று கொடுக்கப்பட்ட காரியம் வேறு. அதைப் பெரியது எவ்வளவு முயன்றாலும் செய்ய முடியாது. இதை அறிந்தவர்கள், சிறிது என்று எதையும் பார்க்காமல் விட்டுவிட மாட்டார்கள். ஆராய்ச்சிக்கும் அதுதான் முதல் தகுதி, வழிபாட்டுக்கும் அதுதான்.